வீட்டுப் பட்டறைக்கு வெல்டிங் இயந்திரமும் காப்பு வாயுவும்: எதை முதலில் முடிவு செய்வது?

வீட்டில் சிறிய அளவில் வெல்டிங் செய்யத் தொடங்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை ஆம்பியர் இயந்திரம் வாங்கலாம்?" என்பதுதான். அது தேவையான கேள்வியே. ஆனால் முதல் கேள்வி அன்று. உருகிய உலோகம் உறைந்து முடியும் வரை அதைக் காற்றிடமிருந்து எப்படிக் காக்கப் போகிறோம் என்பதையே முதலில் தீர்க்க வேண்டும். ராடு வெல்டிங், ஃபிளக்ஸ் கோர், மிக், டிக் என்று பெயர் சொல்லி விற்கப்படும் வகைகள் எல்லாம் இந்த ஒரே கேள்விக்குத் தரப்பட்ட வெவ்வேறு விடைகளாகும். நமக்குரிய விடை எது என்று தெரிந்துவிட்டால், இயந்திரம், ஆம்பியர், சிலிண்டர் ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பது பெரிதும் எளிதாகிவிடும்.

காற்று ஏன் ஆகாது?

கருவியின் முனைக்கும் தகட்டுக்கும் இடையே எரியும் மின்வில்லின் (ஆர்க்) வெப்பநிலை 6000 டிகிரி செல்சியஸை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். எஃகு உருகவோ ஏறத்தாழ 1500 டிகிரி போதும். ஆகவே உலோகத்தை உருக்குவதில் சிரமம் எதுவும் இல்லை. உருகிய அந்தச் சிறு குட்டையைச் சூழ்ந்திருக்கும் காற்றுதான் சிக்கல். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜனும் 21 விழுக்காடு ஆக்சிஜனும் உள்ளன. உருகிய இரும்பு நைட்ரஜனைத் தாராளமாகக் கரைத்துக்கொள்ளும். உறையும்போது அவ்வளவையும் தன்னுள் வைத்துக்கொள்ள இயலாமல் குமிழிகளாக வெளியே தள்ளும். வெளியேற நேரம் கிடைக்காத குமிழிகள் உள்ளேயே துளைகளாக நின்றுவிடும். தப்பிக்காமல் தங்கிய நைட்ரஜன், எஃகின் இழுபடும் தன்மையைக் குறைத்து அதை நொறுங்கும் பொருளாக்கும். ஆக்சிஜன் ஒருபுறம் ஆக்சைடுகளை உண்டாக்கும். மறுபுறம் எஃகிலுள்ள கார்பனுடன் சேர்ந்து கார்பன் மோனாக்சைடு குமிழிகளை எழுப்பும். துரு, எண்ணெய், பெயின்ட், ஈரம் ஆகியவற்றிலிருந்து வரும் ஹைட்ரஜனும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். கடினமான எஃகுகளில் இணைப்பு குளிர்ந்து பல மணி நேரத்துக்குப் பிறகு விரிசல் விழுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகிறது.

காப்பில்லாமல் பற்றவைத்த இணைப்பு ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், தேன்கூடு போல் துளை விழுந்திருக்கும். வெளியிலிருந்து பார்க்க அது ஓரளவு ஒழுங்காகத் தெரியலாம் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

காற்றைத் தடுக்க இரண்டு வழிகள் உள்ளன. எரியும்போது வாயுவையும் கசடையும் தானே உண்டாக்கும் ஃபிளக்ஸ் என்னும் கலவையை ராடின் மேல் பூசியோ கம்பியின் உள்ளே நிரப்பியோ வைப்பது ஒரு வழி. சிலிண்டரிலிருந்து வாயுவைக் கொண்டுவந்து உருகிய இடத்தின் மேல் தொடர்ந்து பாய்ச்சுவது மற்றொன்று. முதல் வழிக்குச் சிலிண்டர் தேவையில்லை, காற்றடிக்கும் வெளியிலும் வேலை நடக்கும். ஆனால் புகையும் கசடும் மிகுதி. இரண்டாம் வழியில் வேலை சுத்தமாக இருக்கும், மெல்லிய தகடுகள் கைவசப்படும். ஆனால் சிலிண்டரின் செலவும் பராமரிப்பும் கூடவே வரும், சிறு காற்று கூட அந்தக் காப்பைக் கலைத்துவிடும்.

சிலிண்டர் இல்லாத வழி

ராடு வெல்டிங்தான் இவற்றுள் எளிய அமைப்பு. ஓர் இயந்திரம், ராடைப் பிடிக்க ஒரு ஹோல்டர், மின்சுற்று முழுமையாகத் தகட்டில் மாட்ட ஓர் எர்த் கிளாம்ப், ஒரு கட்டு ராடு, இவ்வளவே. ராடின் பூச்சு எரிந்து வாயுப் படலமாகிக் காற்றைத் தள்ளுகிறது. அதிலுள்ள தாதுக்கள் உருகிக் கசடாக மிதந்து, உறையும் உலோகத்தைப் போர்வை போல் மூடிக்கொள்கின்றன. வேலை முடிந்ததும் அந்தக் கசடைச் சுத்தியலால் தட்டி எடுத்துக் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும்.

தொடக்கக்காரருக்கு ஏற்ற ராடு 6013 என்று குறிக்கப்படுவது. இந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் பற்றவைத்த உலோகத்தின் குறைந்தபட்ச இழுவலிமையை, சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு என்ற கணக்கில் சொல்கின்றன. அடுத்த 1, கிடை, செங்குத்து, தலைக்கு மேல் என எல்லா நிலைகளிலும் பயன்படுத்தலாம் என்பதைக் குறிக்கிறது. கடைசி இலக்கம் பூச்சின் வகையைக் காட்டுகிறது. 6013-இன் பூச்சில் டைட்டானியம் ஆக்சைடு மிகுதியாக இருப்பதால் வில் எளிதாகப் பற்றும், மென்மையாக எரியும். 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு ஏறத்தாழ 60 முதல் 90 ஆம்பியரும், 3.15 மில்லிமீட்டர் ராடுக்கு ஏறத்தாழ 90 முதல் 130 ஆம்பியரும் தேவைப்படும். வலுவான இணைப்புக்குப் புகழ்பெற்ற 7018 ராடு, ஹைட்ரஜனை மிகக் குறைவாகவே உலோகத்துக்குள் விடும்படி வடிவமைக்கப்பட்டது. ஆனால் அந்தச் சிறப்பு அது காய்ந்திருக்கும் வரைதான். பொட்டலத்தைப் பிரித்து மாதக்கணக்கில் ஈரக்காற்றில் போட்டுவைத்த 7018 ராடைக் கொண்டு, அந்தப் பெயரை நம்பி ஒரு பாரம் தூக்கும் கொக்கியைச் செய்வது தவறு.

துருப்பிடித்த பழைய இரும்பையும் கனமான சட்டங்களையும் ராடு ஓரளவு சகித்துக்கொள்ளும். மெல்லிய தகடுதான் அதன் எல்லை. 2 மில்லிமீட்டருக்குக் குறைந்த தகட்டில் தொடக்கக்காரரின் ராடு ஓட்டை போடும். பழகிய கையும் அங்கே நிதானமாகத்தான் போக வேண்டும்.

ஃபிளக்ஸ் கோர் என்பது உள்ளே ஃபிளக்ஸ் நிரப்பிய மெல்லிய குழாய்க் கம்பி. டார்ச் என்னும் கைப்பிடியின் விசையை அழுத்தினால் கம்பி தானாக ஓடிவரும் என்பதால், வில்லின் நீளத்தைக் கையால் காக்கும் திறமை ராடு வெல்டிங்கில் வேண்டிய அளவுக்கு இதில் வேண்டியதில்லை. 'வாயு வேண்டாத மிக்' என்று விற்கப்படும் சிறு இயந்திரங்கள் இந்தக் கம்பியைப் பயன்படுத்துபவையே. கம்பியின் உள்ளே அலுமினியம் போன்ற தனிமங்கள் சேர்க்கப்பட்டிருக்கும். தப்பி உள்ளே வரும் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் அவை பிடித்துக் கட்டிப்போடுகின்றன.

பலரும் இடறும் ஓர் இடத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வாயு தேவைப்படாத ஃபிளக்ஸ் கோர் கம்பிக்கு டார்ச் எதிர்முனையிலும் (−), வாயுவுடன் ஓடும் திடக்கம்பிக்கு டார்ச் நேர்முனையிலும் (+) இணைக்கப்பட வேண்டும். முனையை மாற்றாமல் ஓட்டினால் உருகிய உலோகத் தெறிப்பு பெருகும், இணைப்பு மேலோட்டமாக ஒட்டி நிற்கும். ஓட்டுபவர் தம் கையையே குறை சொல்லிக்கொண்டிருப்பார். சில மலிவான இயந்திரங்களில் முனையை மாற்றும் வசதியே இருப்பதில்லை. இன்று வாயு வேண்டாம் என்று எண்ணினாலும், முனைகளை மாற்றிக்கொள்ளவும் பின்னாளில் வாயுக் குழாயை இணைக்கவும் இடமுள்ள இயந்திரத்தையே வாங்குமாறு சொல்வேன்.

வாயுவைப் பற்றி

மிக் இயந்திரத்தில் திடக்கம்பி ஓடும். அதைச் சுற்றியுள்ள நாசிலின் வழியே காப்பு வாயு பாயும். சுத்தமான மெல்லிய எஃகில் கற்றுக்கொள்ள இதைவிட இணக்கமான முறை இல்லை என்பது என் கருத்து. கசடு மறைக்காததால் உருகிய குட்டையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கையைத் திருத்திக்கொள்ள முடிகிறது. எந்த வாயு என்பதுதான் கேள்வி.

ஆர்கான் நம்மைச் சுற்றியுள்ள காற்றிலேயே 0.93 விழுக்காடு இருக்கிறது. 1894-ஆம் ஆண்டு ரேலேயும் ராம்சேயும் அதைக் கண்டறிந்தபோது, எதனுடனும் வினைபுரியாத அதன் இயல்பைக் கண்டு, 'சோம்பல்' என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். அந்தச் சோம்பல்தான் நமக்கு வேண்டியது: உருகிய உலோகத்தின் மேல் அது வெறுமனே அமர்ந்திருக்கும். காற்றை விட ஏறத்தாழ 1.4 மடங்கு அடர்த்தியானது என்பதால், கிடைமட்ட வேலையில் கீழே படிந்து நன்றாக மூடும்.

அப்படியானால் எஃகுக்கும் தூய ஆர்கானே போதாதா என்று கேட்கத் தோன்றும். மிக் முறையில் போதாது. தூய ஆர்கானில் எஃகின் மேல் வில் ஓரிடத்தில் நிலைக்காமல் அலையும். உருகிய உலோகம் பரவாமல் கயிறு போல் உயர்ந்து நிற்கும். அதன் இரு ஓரங்களிலும் அடித்தகடு அரிக்கப்பட்டுப் பள்ளம் விழும். சிறிதளவு ஆக்சிஜன் தரும் ஏதாவது ஒன்று கலந்தால்தான் வில் நிலைப்படும், உலோகம் இருபுறமும் ஈரத்துணி போல் படியும். அந்த வேலையைச் செய்வது கார்பன் டை ஆக்சைடு.

கார்பன் டை ஆக்சைடு சோம்பலானதன்று. வில்லின் வெப்பத்தில் அது கார்பன் மோனாக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து, தகட்டின் மேல் சற்றே குளிர்ந்த இடத்தில் மீண்டும் சேர்ந்து வெப்பத்தை உமிழ்கிறது. அதனால் உருக்கம் ஆழமாகச் செல்கிறது. ஆக்சிஜனை விடுவிக்கும் வாயு எப்படிக் காப்பாகும் என்ற ஐயம் இயல்பானது. விடை கம்பியில் இருக்கிறது: எஃகுக்குப் பரவலாகப் பயன்படும் 70எஸ்-6 வகைக் கம்பியில் சிலிக்கானும் மாங்கனீசும் கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருக்கும், அவை ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி போன்ற பழுப்புத் துகள்களாக மேலே மிதந்துவிடும். பற்றவைத்த கோட்டின் மேல் ஆங்காங்கே தெரியும் அந்தத் துகள்கள் குறையல்ல. கம்பி தன் கடமையைச் செய்ததன் அடையாளம். பெயின்ட் அடிப்பதற்கு முன் அவற்றைத் துடைத்தெடுத்தால் போதும்.

ஆகவே எஃகுக்கு நமக்கு முன் உள்ளவை இரண்டு. தூய கார்பன் டை ஆக்சைடு பொதுவாக மலிவானது, ஆழமாக உருக்குவது; ஆனால் வில் முரடானது, தெறிப்பு அதிகம், அதே வேலைக்கு ஓரிரு வோல்ட் கூடுதலாக வைக்க வேண்டியிருக்கும். ஆர்கான் 75 முதல் 80 விழுக்காடும் எஞ்சியது கார்பன் டை ஆக்சைடும் கொண்ட கலவை, மென்மையான வில்லையும் குறைந்த தெறிப்பையும் தரும்; 1 மில்லிமீட்டர் தகட்டில் ஓட்டை விழாமல் காக்க 0.6 மில்லிமீட்டர் கம்பியும் இந்தக் கலவையும் சேர்ந்தால் பெரிய உதவி. 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சட்டங்களும் மேசைக் கால்களும் மட்டுமே செய்யப் போகிறவருக்குத் தூய கார்பன் டை ஆக்சைடே போதும். தெறிப்பைத் தட்டி எடுக்கும் நேரம் மட்டுமே அவருக்குக் கூடுதல் செலவு. வாகனத் தகடு, மெல்லிய சதுரக் குழாய் என்று போகிறவர் கலவைக்குச் செலவழிப்பதில் தவறில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு இந்தக் கலவை பொருந்தாது. கார்பன் கூடுதலாகச் சேர்ந்து அதன் துருப்பிடிக்காத தன்மையைக் கெடுக்கும். ஆர்கானுடன் 2 விழுக்காடு அளவே கார்பன் டை ஆக்சைடு சேர்த்த கலவை அதற்கு உரியது. அலுமினியத்துக்கோ தூய ஆர்கான் மட்டுமே. அங்கே கார்பன் டை ஆக்சைடு ஒரு துளியும் கூடாது. ஒரே சிலிண்டரை வைத்துக்கொண்டு எல்லா உலோகத்தையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுவது நல்லது.

சிலிண்டரின் கணக்கு

ஆர்கானும் ஆர்கான் கலவைகளும் சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட வாயுவாகவே இருக்கும். 10 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் (ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம்) அழுத்தம் இருந்தால், வெளியே வரும்போது ஏறத்தாழ 2000 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 10 லிட்டர் என்று பாய்ச்சினால் 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம் வில் எரியும். இது விசையை அழுத்தியிருக்கும் நேரம் மட்டுமே. அளப்பதும் அறுப்பதும் பொருத்துவதுமே பெரும்பங்கு நேரத்தை எடுத்துக்கொள்ளும் வீட்டு வேலையில், இது பல வார இறுதிகளுக்குத் தாங்கும். தூக்கி எறியும் வகைச் சிறு சிலிண்டர்களில் ஏறத்தாழ 100 லிட்டர்தான் இருக்கும்; பத்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும். இயந்திரத்துடன் ஒன்றைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்பதற்காக அதையே நம்பித் திட்டமிடக் கூடாது.

கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் பெரும்பகுதி திரவமாக இருக்கிறது. 20 டிகிரி வெப்பத்தில் அதன் அழுத்தம் 57 பார் அளவில் நிற்கும். கடைசித் துளித் திரவம் ஆவியாகும் வரை அழுத்தமானியின் முள் இறங்காது. ஆகவே எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதை எடை போட்டுத்தான் அறிய முடியும். ஒரு கிலோ ஏறத்தாழ 540 லிட்டர் வாயுவாக விரியும் என்பதால், 5 கிலோ சிலிண்டர் நிமிடத்துக்கு 10 லிட்டர் கணக்கில் நாலரை மணி நேரம் வரை தரும். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். சாய்த்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் ஏறும். திரவத்தையே வெளியேற்றும்படி உள்ளே அடிவரை குழாய் வைத்த சிலிண்டர்களும் உண்டு. அவை வெல்டிங்குக்கு உதவா. நீண்ட நேரம் தொடர்ந்து ஓட்டினால், ஆவியாகும் குளிர்ச்சியால் ரெகுலேட்டரில் உறைபனி படிந்து வாயு தடைபடலாம். சற்று நிறுத்தித் தொடர்வதே வீட்டு வேலைக்குப் போதுமான தீர்வு.

வாயு ஓட்டத்தின் அளவில் அதிகம் என்பது நல்லது அன்று. காற்றோட்டம் அடங்கிய உள்ளிடத்தில் நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் போதும். அதற்கு வெகுவாக மேலே போனால், நாசிலிலிருந்து அமைதியாக வரவேண்டிய வாயு சுழன்று கலங்கி, பக்கத்துக் காற்றையும் தன்னோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் கற்றுக்கொண்ட நாட்களில், கோடு முழுக்கத் துளை விழுவதைக் கண்டு ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே போய், துளைகள் பெருகுவதைப் பார்த்துத் திகைத்து நின்றேன். வெயிலின் புழுக்கத்துக்காகச் சுழலவிட்ட மின்விசிறிதான் முதல் காரணம். கூட்டிய ஓட்டம் இரண்டாவது. விசிறியின் முகத்தைத் திருப்பி, ஓட்டத்தை 12-க்குக் குறைத்ததும் அதே தகட்டில் அதே கம்பி சுத்தமாக ஓடியது. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகக் காற்று, அதாவது முகத்தில் இதமாக உணரும் தென்றல், மிக் வாயுவைக் கலைக்கப் போதுமானது. திறந்த வெளியில்தான் பெரும்பாலும் வேலை என்றால், வாயு முறையை விட ராடோ ஃபிளக்ஸ் கோரோ நேர்மையான தேர்வு.

கசிவையும் கவனிக்க வேண்டும். சிலிண்டரைத் திறந்து ரெகுலேட்டரில் அழுத்தம் ஏறியபின் வால்வை மூடிவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், முள் இறங்கியிருக்கக் கூடாது. இறங்கியிருந்தால் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி எழும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். இது வாயு வீணாவதைப் பற்றியது மட்டுமன்று. ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் காற்றை விடக் கனமானவை. தாழ்வான, மூடிய இடங்களில் தேங்கி, மணமோ நிறமோ காட்டாமல் ஆக்சிஜனை இடம்பெயர்க்கும். கார்பன் டை ஆக்சைடு தன்னளவிலேயே நஞ்சு. காற்றில் 4 விழுக்காட்டை எட்டினாலே உயிருக்கு ஆபத்து. 3 மீட்டர் நீள அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள அறையில் 5 கிலோ சிலிண்டர் முழுதும் கசிந்தால், அந்த அளவை விட ஏறத்தாழ மூன்று மடங்கு சேர்ந்துவிடும். எனவே படுக்கையறையிலும் நிலவறையிலும் சிலிண்டர் வைக்கவே கூடாது. வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மட்டும் அடைத்தால் போதாது, சிலிண்டர் வால்வையும் மூட வேண்டும். சங்கிலியால் சுவரோடு கட்டி வைப்பதும், இடம் மாற்றும்போது வால்வின் மேல் மூடியைத் திருகுவதும் விட்டுவிடக் கூடாத பழக்கங்கள். 200 பார் அழுத்தமுள்ள சிலிண்டர் விழுந்து வால்வு முறிந்தால், அது ஏவுகணை போலப் பாயும்.

டிக் எப்போது?

டிக் முறையில் உருகாத டங்ஸ்டன் முனையால் வில்லை எழுப்பி, நிரப்புக் கம்பியை மறுகையால் ஊட்ட வேண்டும். 1940-களில் விமானத் தொழிலுக்காக, மெக்னீசியம் போன்ற இலகு உலோகங்களை இணைக்க ஹீலியம் வாயுவுடன் வளர்ந்த முறை இது. இன்று ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தூய ஆர்கானே பயன்படுகிறது. கார்பன் டை ஆக்சைடு கலந்த மிக் வாயுவை இதற்குச் செருகினால் டங்ஸ்டன் முனை சில நொடிகளில் கருகிவிடும். இணைப்பின் அழகும் கட்டுப்பாடும் ஈடில்லாதவை. ஆனால் வேகம் குறைவு, இரு கைகளுக்கும் நீண்ட பயிற்சி வேண்டும்.

அலுமினியத்தை மனத்தில் வைத்து டிக் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேற்பரப்பிலுள்ள ஆக்சைடுப் படலம் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தப் படலத்தை உடைத்துச் சுத்தம் செய்ய, முனைகள் மாறிமாறி வரும் ஏசி மின்னோட்டம் தேவை. 'மிக், ராடு, டிக் மூன்றும் ஒன்றில்' என்று விற்கப்படும் இயந்திரங்களில் பெரும்பாலானவை டிசி மட்டுமே தருபவை. அவற்றின் டிக் எஃகுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும்தான். பெட்டியின் மேல் டிக் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இயந்திரத்தின் எண்களைப் படித்தல்

இப்போது ஆம்பியருக்கு வரலாம். எஃகின் தடிமனில் மில்லிமீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 40 ஆம்பியர் என்பது பயனுள்ள தோராயக் கணக்கு. 3 மில்லிமீட்டர் தகட்டுக்கு 120 ஆம்பியர். அதைவிடத் தடித்ததை ஓரங்களைச் சாய்வாகச் சீவி, பல அடுக்குகளாக நிரப்பலாம் என்பதால், வீட்டு வேலைக்கு 140 முதல் 180 ஆம்பியர் வரை தரும் இயந்திரம் பெரும்பாலும் போதும். உச்ச ஆம்பியரைப் போலவே மிகக் குறைந்த ஆம்பியரில் வில் எவ்வளவு நிலையாக எரிகிறது என்பதும் முக்கியம். மெல்லிய தகடு செய்பவருக்கு அதுவே அதிக முக்கியம்.

டியூட்டி சைக்கிள் என்னும் எண், பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து பற்றவைக்கலாம் என்பதைச் சொல்கிறது. 160 ஆம்பியரில் 20 விழுக்காடு என்றால் 2 நிமிடம் வேலை, 8 நிமிடம் ஓய்வு. ஆம்பியரைக் குறைத்தால் இந்த விழுக்காடு விரைவாக உயரும். எந்த ஆம்பியரில், எந்தச் சுற்றுப்புற வெப்பத்தில் அளந்தது என்பதைச் சொல்லாத விழுக்காட்டுக்கு மதிப்பில்லை. சர்வதேசத் தரம் 40 டிகிரியில் அளக்கச் சொல்கிறது.

பலர் மறந்துவிடுவது சுவரிலுள்ள மின்சாரத்தை. ராடு வெல்டிங்கில் 160 ஆம்பியருக்கு வில்லின் வழக்கமான மின்னழுத்தம் 26.4 வோல்ட், பெருக்கினால் 4.2 கிலோவாட். இயந்திரத்தின் இழப்பையும் சேர்த்தால் 5 கிலோவாட், அதாவது 230 வோல்ட் இணைப்பில் 22 ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். 13 அல்லது 16 ஆம்பியர் சாக்கெட் அதைத் தாங்காது. மிக் முறையில் 120 ஆம்பியருக்கு 20 வோல்ட்தான். இழப்போடு சேர்த்து 3 கிலோவாட் அளவில் அடங்கிவிடும். 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பு உள்ள வீட்டில் 80, 90 ஆம்பியருக்கு மேல் எதிர்பார்க்க இயலாது. ஆகவே வாங்குவதற்கு முன் மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு தனி இணைப்பும் நல்ல எர்த்தும் சரிபார்த்துக்கொள்வது, பெரிய இயந்திரத்துக்குக் கொடுக்கும் பணத்தை விடப் பயனுள்ள செலவு. நீட்டிப்புக் கேபிள் தேவைப்பட்டால் தடித்ததாக, குட்டையாக, முழுதும் சுருள் பிரித்ததாக இருக்கட்டும்.

இன்வெர்ட்டர் இயந்திரம், பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகையை விடப் பல மடங்கு எடை குறைந்தது, வில்லும் மென்மையானது. வீட்டுக்கு அதுவே ஏற்றது. கிரைண்டர் துகள் உள்ளே போனால் அதன் மின்னணுப் பலகைகள் பழுதாகும் என்பதால், அரைக்கும் இடத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

இயந்திரத்தோடு சேர்த்தே வாங்க வேண்டியவை

தானாக இருளும் தலைக்கவசம், தோல் கையுறை, பருத்தி அல்லது தோலாலான உடை, தீயணைப்பான் ஆகியவை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கத் தக்கவை அல்ல. மின்வில்லின் புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்பரப்பைச் சுட்டுவிட்டால் அப்போதைக்கு எதுவும் தெரியாது. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், மணல் கொட்டியது போன்ற வலியாக எழும். அருகில் நின்று பார்க்கும் குழந்தைகளுக்கும் இதே கதிதான் என்பதால் திரை கட்டுங்கள்.

புகையை எளிதாக எண்ண வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துள்ளது. தலையைப் புகைக்குள் நுழைக்காமல் பக்கவாட்டில் வைத்துக்கொள்வதும், புகையை உங்களிடமிருந்து விலக்கி மெதுவாக இழுக்கும் காற்றோட்டமும், தகுந்த முகமூடியும் வேண்டும். துத்தநாகம் பூசிய குழாயைப் பற்றவைத்தால் அந்த ஆவி காய்ச்சலையும் நடுக்கத்தையும் தரும். பூச்சை இருபுறமும் அரைத்து நீக்கிய பிறகே தொடங்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கக் குளோரின் கலந்த கரைப்பான்களைப் பயன்படுத்தவே கூடாது. மின்வில்லின் வெப்பத்திலும் கதிரிலும் அவை ஃபாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சு வாயுவாக மாறும். எரிபொருள் இருந்த தொட்டிகளை, எவ்வளவு காலியாகத் தெரிந்தாலும், வீட்டில் தொடாதீர்கள்.

என்னிடம் யாராவது கேட்டால், முதலில் அவர் செய்ய விரும்பும் மூன்று பொருள்களைத் தாளில் எழுதச் சொல்வேன்; அவற்றின் உலோகம், தடிமன், செய்யப்போகும் இடம் ஆகியவற்றைப் பக்கத்தில் குறிக்கச் சொல்வேன். வெளியில், தடித்த இரும்பு என்றால் இன்வெர்ட்டர் ராடு இயந்திரமும் ஒரு கட்டு 6013-உம். மூடிய பட்டறையில் 1 முதல் 4 மில்லிமீட்டர் எஃகு என்றால், முனை மாற்றத்தக்க மிக் இயந்திரமும் 10 லிட்டர் கலவைச் சிலிண்டரும். வாயுவுக்கு இப்போது பணமில்லை என்றால் அதே இயந்திரத்தில் ஃபிளக்ஸ் கோர் கம்பியைக் கொண்டு தொடங்கலாம். அலுமினியம் என்பது அந்தத் தாளில் உண்மையாகவே இடம்பெற்றால் மட்டும் ஏசி டிக்.

வாங்கி வந்த முதல் நாளில் மேசையோ கதவோ செய்ய வேண்டாம். 3 மில்லிமீட்டர் தகட்டுத் துண்டுகள் இரண்டைத் தலைகீழான ஆங்கில 'T' எழுத்தைப் போல நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் பற்றவைத்து, குளிர்ந்தபின் இடுக்கிப் பட்டடையில் இறுக்கி, பற்றவைக்காத பக்கத்திலிருந்து சுத்தியலால் அடித்து, கோட்டின் அடிப்பகுதி திறக்கும்படி பற்றவைத்த பக்கத்தை நோக்கி வளையுங்கள். இணைப்பு முறிந்தால் உடைந்த முகத்தைப் பாருங்கள்: துளைகள் தெரிந்தால் வாயுவையும் காற்றையும் சுத்தத்தையும் சரிபாருங்கள், ஒரு தகடு உருகாமல் பளபளப்பாகவே கழன்று வந்திருந்தால் ஆம்பியரைக் கூட்டுங்கள் அல்லது கையின் வேகத்தைக் குறையுங்கள். கோடு முறியாமல் தகடு வளைந்தால், அதே அமைப்பை ஒரு தாளில் குறித்து இயந்திரத்தின் மேல் ஒட்டி வையுங்கள்.